கூம் கொடுத்த மூலிகைச் சாறு

லெஸ்கோவாட்ஸ் ஊரில் செப்டம்பர் பிறந்துவிட்டால் எல்லா வீட்டு முற்றத்திலும் மிளகாய் சுடும் புகைதான். ஸ்தோயங்காவும் காலையிலிருந்து விறகடுப்பின் முன்னால் உட்கார்ந்து, குளிர்காலத்துக்குப் போடும் அய்வார் துவையலுக்காகச் சிவப்புக் குடைமிளகாயைப் புரட்டிப் புரட்டிச் சுட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தோல் உரித்துக்கொண்டிருந்த கணவன் வெலிமிர் மூக்கைச் சுளித்தான்.

"ரப்பர் கருகுற வாடை அடிக்குது. ஏய், உன் செருப்பப் பாரு."

செருப்பின் முனை அடுப்பில் ஒட்டி உருகியிருந்தது. கழற்றிப் பார்த்தால் இரண்டு விரல்கள் வெந்துபோயிருந்தன.

"வலிக்கலையா?"

"இல்லையே," என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது.

பன்னிரண்டு வருஷமாக அவளுக்குச் சர்க்கரை நோய். மாத்திரையில் ஓரளவு கட்டுக்குள் இருந்தது. போன வசந்தத்தில்தான் திஹோமிர் வந்தார். அவர் அவர்களுக்குக் கூம். கல்யாணத்தில் சாட்சி நின்றவர், மகனுக்கு ஞானஸ்நானத்தில் பெயர் வைத்தவர். அந்த ஊரில் கூடப்பிறந்தவனோடு சண்டை போட்டால்கூட மன்னித்துவிடுவார்கள், கூம் சொல்லைத் தட்டினால் ஊரே முகம் திருப்பிக்கொள்ளும். அந்த உரிமையில் அவர் மேசைமேல் ஒரு பழுப்புப் புட்டியை வைத்தார்.

"எல்லாம் மலை மூலிகை. புல்லுருவி, பூண்டு, காட்டுப்பழம். ரத்தக்குழாய்ல படிஞ்ச அழுக்க வழிச்சு எடுத்துடும். அந்த மாத்திரைகள மூட்டை கட்டி வை."

"டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுமா?"

"ஏன், என்மேல நம்பிக்கை இல்லையா?"

இந்தக் கேள்வி வந்த பிறகு அங்கே யாரும் வாய் திறப்பதில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு ஆறு மாதம் அந்தச் சாற்றைக் குடித்தாள். பாதம் ஜில்லிட்டு மரத்துப்போனபோது, "அழுக்கு இறங்குது, அப்படித்தான் இருக்கும்" என்றார். பாவி மனுஷி அதையும் நம்பினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் பாதத்தை வெகு நேரம் தொட்டுப் பார்த்தார்.

"நாடித் துடிப்பே கிடைக்கலம்மா. அடைப்பு பல வருஷமா வளர்ந்திருக்கும், மாத்திரைய நிறுத்தினதுல வேகமா முத்திடுச்சு. மரத்துப்போனப்பவே வந்திருக்கலாமே. இப்ப ரெண்டு விரல எடுத்தாத்தான் கால் தப்புறதுக்கு வழி இருக்கு."

சக்கர நாற்காலியில் அவளை வராந்தாவுக்குத் தள்ளி வந்தான் வெலிமிர். எதிரே சர்க்கரை நோய்ப் பிரிவின் கதவு திறந்தது. இன்சுலின் பையோடு வெளியே வந்தவர் திஹோமிர்.

"உங்களுக்கும் சர்க்கரையா, கூம்?" என்றாள் ஸ்தோயங்கா.

"எட்டு வருஷமா," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

"அப்ப நீங்க அந்தச் சாறு குடிக்கலையா?"

"எனக்கு ஊசி பழகிப்போச்சு ஸ்தோயங்கா. அத விட்டுப் பாக்கத் துணிச்சல் வரல."

"என் உடம்புல பாக்க மட்டும் துணிச்சல் வந்துச்சா?"

அவர் இன்சுலின் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். விரல் போவதைவிட இதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

"மகனுக்குப் பேர் வைக்க உங்கள நம்பினதுல தப்பில்ல. என் உசிருக்கும் உங்களையே நம்பினேன் பாருங்க, அதுதான் தப்பு. இன்னியோட நீங்க எங்களுக்குக் கூம் இல்ல."

டாக்டரைப் பார்க்க வராந்தாவில் வரிசையாகக் காத்திருந்தவர்கள் அதிர்ந்துபோய்ச் சிலுவைக்குறி இட்டார்கள். கூம் உறவை ஒருவர் அறுத்துக்கொள்வதை அவர்கள் காதால் கேட்டதே இல்லை. ஸ்தோயங்கா நாற்காலியை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

"என்னையே பாக்காம நான் சொல்றதக் கேளுங்க. பாசத்தோட யாரு எந்த மூலிகையக் குடுத்தாலும் டாக்டர்கிட்டக் காட்டாமக் குடிக்காதீங்க. மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க. டாக்டர்கிட்டக் கேக்குறேன்னு சொன்னா கோவிச்சுக்குற உறவு, போனாப் போகட்டும். கால் போனா வராது."