பீப்பாய்க்கு மேலே நிற்கும் ஆள்

சோயா சோஸ் போஸ்டரில் எல்லாம் சரியாம், பீப்பாயைக் கலக்கும் ஆள் மட்டும் சரியில்லையாம். இரண்டாவது தடவையும் ஜப்பானிலிருந்து அதே பதில் வந்தபோது அனோஜினிக்கு லாப்டொப்பைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

ஆறு தலைமுறையாக மரப்பீப்பாயில் சோஸ் ஊறவைக்கும் குடும்பம் அது. மெல்பேர்ன் ட்ராம் தரிப்பிடங்களில் ஒட்டுவதற்குக் கையால் வரைந்த போஸ்டர்தான் வேண்டுமென்று அவளைத் தேடிப் பிடித்தார்கள். ஓரத்தில் அவள் கையெழுத்தும் இருக்கலாம் என்றார்கள். பத்து வருடமாகப் பெயரில்லாமல் பால் பெட்டிக்கும் பற்பசைக்கும் வரைந்தவளுக்கு அது சும்மா விஷயமா? வெள்ளிக்கிழமைக்குள் ஆள் சரிவராவிட்டால் போத்தலைப் படமெடுத்துப் போட்டுவிடுவார்கள். கையெழுத்தும் அம்போதான்.

அந்த ஆளுக்கு அவள் என்னதான் செய்யவில்லை! முதலில் இளந்தாரியாக வரைந்தாள். பிறகு நரை வைத்தாள், வயிற்றைக் குறைத்தாள், நீலச் சட்டை மாட்டினாள். மாடல் அவளுடைய கணவன் றொகான். ட்ருகனினாவில் ஒரு கிடங்கில் பகலெல்லாம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு வந்து, கராஜில் கதிரை மேல் ஏறி, குப்பைத்தொட்டிக்குள் மொப் தடியை விட்டுக் கலக்குவான். சம்பளம் ஒரு பிளேன்டீ.

வியாழன் பின்னேரம் பொறுக்கமாட்டாமல் உரிமையாளர் ஹிரானோவுக்கே வீடியோ அழைப்பு எடுத்தாள். அதுவரை மெயிலில் மட்டும் பேசியவர். ஐம்பதைத் தாண்டிய பெண், சிரித்த முகம். அனோஜினி போனைக் கதிரையில் நின்ற றொகான் பக்கம் திருப்பினாள்.

ஹிரானோ கொஞ்ச நேரம் பார்த்தார். "இவர் எங்கே போகிறார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அனோஜினியும் பார்த்தாள். றொகான் தடியை அடிவரை ஊன்றி, உடம்பைச் சாய்த்துத் தள்ளி, பார்வையை எங்கோ தூரத்தில் வைத்திருந்தான்.

"என்னப்பா செய்யிறீங்கள்? சோஸ் உள்ள இருக்கு, றோட்டில இல்லை!"

"நான் என்ன செய்ய? மன்னாரில பத்தொன்பது வயசுவரைக்கும் கோல் ஊண்டி வள்ளம் விட்டனான். தடியைப் பிடிச்சா கண் தன்ர பாட்டுக்கு முன்னால போகுது."

இரண்டு மாதமாக ஒரு வள்ளக்காரனை வரைந்து வரைந்து ஜப்பானுக்கு அனுப்பியிருக்கிறாள்! விஷயத்தை விளங்கப்படுத்தியதும் மூன்று பேரும் வயிறு நோகச் சிரித்தார்கள்.

"குனிந்து பார்க்கச் சொல்கிறேன். சரியாகிவிடும்" என்றாள் அனோஜினி.

"ஆகாது. எங்கள் ஆலையில் கலக்குவது நான்."

அனோஜினிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பீப்பாய் எந்த மரம், தடி எத்தனை அடி, கலவை என்ன நிறம் என்று துருவித் துருவிக் கேட்டவள், கலக்குவது யார் என்று மட்டும் கேட்கவில்லை. ஆண்தான் என்று கை தானாக வரைந்துவிட்டது. தானும் ஒரு பெண்ணாக இருந்துகொண்டு! வெட்கத்தில் காது சுட்டது.

"ஏன் நீங்கள் சொல்லவில்லை?"

"என்னை வரையுங்கள் என்று நானே எப்படிக் கேட்பது?"

"இப்போது நான் கேட்கிறேன். ஏறுவீர்களா?"

ஹிரானோ போனைத் தூணில் சாய்த்துவிட்டுப் பீப்பாய்க்கு மேலிருந்த பலகையில் ஏறினார். குனிந்து, கனத்த கலவையை அடியிலிருந்து மேலே இழுத்தார். வாய் இறுகியது. நெற்றியில் தலைமயிர் விழுந்தது, ஒதுக்கவில்லை. பென்சிலை எடுத்த அனோஜினி முக்கால் மணி நேரம் வரைந்துகொண்டேயிருந்தாள். றொகான் தன் பிளேன்டீயைத் தானே போட்டுக் குடித்தான்.

வெள்ளி காலை நிறம் தீட்டி அனுப்பினாள். பத்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. ஹிரானோ புருவத்தைச் சுருக்கிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இதுவும் போச்சு என்று அனோஜினி நினைத்தாள்.

"சரிதானே?"

"சரி. கையெழுத்தைப் போட்டு அச்சுக்கு அனுப்புங்கள்" என்றார் ஹிரானோ. "முதல் பிரதி எனக்கு வேண்டும், ஆலை வாசலில் ஒட்ட. ஆலைக்கு வருகிறவர்களிடம் என் அப்பா இன்னும், 'மகள் அலுவலகத்தில் போன் எடுக்கிறவள்' என்றுதான் சொல்கிறார்."