மண்டைதீவுக்கு நேர்வழி

யசிந்தா உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து கொம்பியூட்டருக்கு முன்னால் குந்தினாள். காதுக்கும் தோளுக்கும் நடுவில் பட்டன் போன். மீன் கழுவின ஈரம் காயாத கையில் மவுஸ் வழுக்கியது. கையை நைற்றியில் துடைத்துக்கொண்டாள்.

“இப்ப எங்கை நிக்கிறியள்?”

“ஆஸ்பத்திரியடி தாண்டியாச்சு. சோத்துக்கடைச் சந்தியிலை வலப்பக்கம் திரும்புறன்.”

“பொறுங்கோ, பொறுங்கோ. கெதியாத் திரும்பாதேங்கோ. நான் இன்னும் ஆஸ்பத்திரியடியிலைதான் நிக்கிறன்.”

திரையில் கறுப்புக் கரை போட்ட ஒரு போன் நிமிர்ந்து நின்றது. அந்தப் போனுக்குள்ளே யாழ்ப்பாணப் பட்டினத்தின் வரைபடம். வரைபடத்தில் மஞ்சள் நிறத்தில் மூட்டைப்பூச்சி அளவு ஓட்டோ. யசிந்தா அதை மவுஸால் பிடித்து மெல்ல வலப்பக்கம் இழுத்தாள். அங்கே பட்டினத்தில் அவளுடைய புருஷன் டிலானும் ஹாண்டிலை வலப்பக்கம் திருப்பினான். குருநகரில் புருஷனைத் திருப்பி ஓட்டுகிற பெண்சாதிகள் எத்தனையோ பேர் உண்டு. மவுஸ் வைத்துத் திருப்புகிறவள் இவள் ஒருத்திதான் என்று துறைமுகத்தடியில் ஒரு கதை ஓடியது.

“என்ன பிள்ளை, இண்டைக்கும் ஓட்டோ ஓடுறியோ?”

வாசலில் பியாட்றிஸ் நின்றாள். பக்கத்து வீடு. தேங்காய்த் திருவலை கேட்டு வந்தேன் என்றாள். அவளுடைய வீட்டில் இரண்டு திருவலை இருப்பது யசிந்தாவுக்கும் தெரியும். ஆனாலும் கதிரையை இழுத்துப் போட்டாள். ஆள் வராவிட்டால் அதுவும் ஒரு குறையாகத்தான் இருக்கும்.

இந்த வேலை வந்து சேர்ந்தது ஒரு தனிக்கதை. டிலான் ஓட்டோ ஸ்ரான்டில் முறை வைத்து நிற்கிறவன். முன்னுக்கு வந்தவனுக்கு முதல் ஹயர், முதல் சவாரி. அதுதான் ஸ்ரான்டின் சட்டம். இப்போது முறை வைத்து நின்றால் வெயில் ஏறும், ஆள் ஏறாது. சனம் போனைக் கையில் பிடித்தபடி ஸ்ரான்டைத் தாண்டிப் போய், கெதிவண்டி என்ற அப்பில் கூப்பிட்ட ஓட்டோவில் ஏறிப் போகிறது. டிலானும் அதில் சேர்ந்தான். ஆக்கள் நட்சத்திரம் போட்டார்கள். கதைக்கப் பேசத் தெரிந்தவன் என்று பெயரும் எடுத்தான். அந்தோனியார் திருவிழா முடிந்த கையோடு அப் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. அதற்குப் பிறகு டிலானின் பழைய போனில் ஏறமாட்டேன் என்றது. புதுப் போன் வாங்கும் நிலையில் வீடு இல்லை.

வழி காட்டினவன் கஜானன். சந்தைக்குப் பக்கத்தில் கொம்பியூட்டர் திருத்துகிறவன். டிலானின் தங்கச்சி ஷெரோன் கல்யாணம் முடித்து லண்டனுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன கொம்பியூட்டர் ஒன்று, லேஸ் துணி போர்த்தபடி, மேலே மாதா சொரூபத்தைத் தாங்கிக்கொண்டு மூலையில் இருந்தது. கஜானன் மாதாவைப் பக்குவமாக அலுமாரிக்கு மாற்றிவிட்டுத் துணியை உரித்தான்.

“அக்கா, உதுக்குப் பேர் எமுலேற்றர். கொம்பியூட்டருக்குள்ளை ஒரு போன் இருக்கிற மாதிரி நடிக்கும். அப் பாவம், தான் போனுக்குள்ளைதான் இருக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டு ஓடும்.”

“அப்ப பொய்யோ?”

“பொய்யில்லை அக்கா. நடிப்பு.”

“நடிப்பெண்டால் சரி. எங்கடை ஆக்கள் பாஸ்கு நாடகத்திலை யேசுவாயே நடிச்சிருக்கினம்.”

ஒரேயொரு குறை. கையில் இருக்கிற போன் தான் நிற்கும் இடத்தைத் தானே அறியும். கொம்பியூட்டர் நிற்கிற இடம் குருநகரில் யசிந்தா வீட்டு மூலை. அதனால் ஓட்டோ ஓட ஓட வரைபடத்தில் இடத்தைக் கையால் மாற்றிக்கொடுக்க வேண்டும். “இழுத்துவிட்டால் சரி அக்கா,” என்றான் கஜானன். எந்த வழியால் இழுப்பது என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அன்றுமுதல் ஹயர் விழுந்தால் யசிந்தா திரையில் ஒத்துக்கொள்வாள்; பட்டன் போனில் டிலானுக்குச் சொல்வாள்; அவன் சந்திக்குச் சந்தி சொல்லச் சொல்ல இழுப்பாள். டிலான் போனைச் சட்டைப் பைக்குள் ஸ்பீக்கரில் விட்டபடி ஓட்டுவான். அரியாலைக்குப் போனாள், கொக்குவிலுக்குப் போனாள், உடுவிலுக்குப் போனாள். சோறு இரண்டு தரம் அடிப்பிடித்தது. நட்சத்திரம் ஒன்றும் குறையவில்லை. அந்த வீட்டுக்கு இருந்த ஒரே வரும்படி அந்த மஞ்சள் மூட்டைப்பூச்சிதான்.

“பிள்ளை, ஒண்டு கேக்க வேணும்,” என்றாள் பியாட்றிஸ், கதிரையில் சாய்ந்து. “நேற்று நானும் என்ரை போனிலை உந்த அப்பைத் திறந்தனான். சும்மா, பாப்பம் எண்டு. எங்கடை துறையடியிலை மூண்டு ஓட்டோ நிக்குது எண்டு காட்டிச்சுது. எட்டிப் பாத்தன். நாய் படுத்திருக்கு, வலை காயுது. ஓட்டோவைக் காணேல்லை.”

“ஆரும் வந்திட்டுப் போயிருப்பாங்கள்.”

“பின்னேரமும் பாத்தன். அந்த மூண்டும் அதிலைதான். ஆக்களைத்தான் காணேல்லை. உன்ரை மனிசன் ஒளிச்சு நிண்டானோ எண்டு நினைச்சன்.”

“அவர் ஏன் அக்கா மூண்டு ஓட்டோவிலை ஒளிக்கிறார்?”

முந்தின ஹயரை டிலான் இறக்கிவிட்ட கையோடு திரை மணி அடித்தது. உடுவில் ரீச்சர் ஒருத்தி, பெயர் அருந்ததி, பஸ் நிலையத்தில் நிற்கிறாள். மண்டைதீவில் செத்தவீட்டுக்குப் போக வேண்டும். யசிந்தா ஒத்துக்கொண்டாள். நல்ல நீளமான ஹயர். டிலான் போய் ரீச்சரை ஏற்றினான்.

“வெளிக்கிட்டாச்சு. மண்டைதீவுக்கு.”

“சரி, போங்கோ. எனக்குத் தெரியும்.”

அவளுக்குத் தெரியும்தான். பட்டினத்திலே அவள் அறிந்த இடமெல்லாம் ரோட்டால் போய் அறிந்தவை. மண்டைதீவு மட்டும் வள்ளத்தால் போய் அறிந்தது. வருஷா வருஷம் அங்கே கோயில் திருவிழாவுக்கு அப்பன் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போவார். குருநகர்த் துறையில் நின்று பார்த்தால் கோயில் கோபுரம் எதிரே தெரியும். தெரிகிற இடத்துக்கு ஊரைச் சுற்றிப் பண்ணைப் பாலத்தால் போகிறவர்கள் வேறு ஊர் ஆட்கள்.

அவள் ஓட்டோவைப் பஸ் நிலையத்திலிருந்து கீழே இறக்கினாள். கடற்கரை வந்தது. அதற்கு அங்கால் நீலம்.

“அதாலைதான், பிள்ளை,” என்றாள் பியாட்றிஸ், கதிரையை முன்னுக்கு இழுத்து. “நேரை பிடி. இடக்கைப் பக்கம் கல்லுக் கிடக்கு, கொஞ்சம் விலத்திப் போ.”

யசிந்தா கல்லையும் விலத்தித்தான் இழுத்தாள்.

நடுக்கடலில் ஓட்டோ நின்றது. பிறகு அது இல்லாமல் போனது. வரைபடமும் போனது. போனின் கண்ணாடி முழுக்கச் சிவந்தது. வெள்ளை எழுத்து வந்தது. பியாட்றிஸ்தான் எழுத்துக்கூட்டி வாசித்தாள்: “போலி இடங்காட்டல். கணக்கு நிரந்தரமாக நிறுத்தப்பட்டது.”

யசிந்தாவின் விரல் மவுஸை அமத்தியபடி அப்படியே இருந்தது. காதோடு ஒட்டியிருந்த பட்டன் போனில் பண்ணைப் பாலத்துக் காற்று இரைந்தது. அந்த இரைச்சலுக்குள் ஒரு பெண்குரல்.

“நிப்பாட்டும்! ஓட்டோவை நிப்பாட்டும்!”

“என்ன ரீச்சர்? என்ன நடந்தது?”

“போனிலை வந்திருக்கு. சாரதியின் வாகனம் பாதையில் இல்லை. உங்கள் பாதுகாப்புக்காக உடனே இறங்கவும் எண்டு. என்னை எங்கை கொண்டு போறீர்?”

“மண்டைதீவுக்குத்தான் ரீச்சர். ரோட்டிலைதானே நிக்கிறம். இஞ்சை பாருங்கோ, ரோட்டு. அந்தா, பஸ் வருகுது.”

“எனக்கு உதொண்டும் தெரியாது. போன் இறங்கச் சொல்லுது.”

“கொளுத்திற வெயில் ரீச்சர். பாலத்திலை ஒரு மரமும் இல்லை. இருங்கோ, நான் கொண்டுபோய்க் கோயிலடியிலை விடுறன். காசும் வேண்டாம்.”

“காசு வேண்டாமோ? அப்ப என்னத்துக்குக் கொண்டு போறீர்?”

குடை விரிகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு காற்றுத்தான்.

“யசி,” என்றான் டிலான். “நீ எங்கை நிக்கிறாய்?”

குசினியில் உலை பொங்கி வழிந்து அடுப்பை நூர்த்தது. பியாட்றிஸ் திருவலையை மறந்து எழும்பிப் போனாள். வாசல் தாண்டினதும் அவள் நடை வேகமானது. செய்தி மத்தியானத்துக்கு முந்தித் துறையடிக்குப் போய்ச் சேர்ந்தது. டிலானின் ஓட்டோ ரீச்சர் ஒருத்தியோடு கடலுக்குள் தாழ்ந்துபோனதாகவும், ரீச்சர் நீந்திக் கரைசேர்ந்ததாகவும் அங்கே கதை.

பின்னேரம் கஜானன் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தான்.

“ஏன் அக்கா கடலுக்குள்ளாலை இழுத்தனீங்கள்?”

“மண்டைதீவுக்கு வேறை எதுக்குள்ளாலை போறது?”

அவன் சிவந்த திரைக்குத் திரும்பினான். உதவிக்கு அப்பினுள் செல்லவும் என்று எழுதியிருந்தது. அப் திறக்கவில்லை. டிலானின் அடையாள அட்டையையும் அது பூட்டிவிட்டது. புதுக்கணக்குத் தொடங்க வழியில்லை. நாளைக்கு அடுப்பு எதனால் எரியும் என்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. டிலான் பெண்சாதியை ஏசவுமில்லை. ஏசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

கெதிவண்டியின் அலுவலகம் பட்டினத்தில் ஒரு மாடியில் இருந்தது. அடுத்த நாள் காலை இரண்டு பேரும் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். யசிந்தா பூசைக்குக் கட்டுகிற சீலையைக் கட்டியிருந்தாள். உள்ளே குளிர். கீர்த்திகன் என்ற பெயரட்டையோடு ஒரு பெடியன் மட்டும் மேசையில் இருந்தான். மரியாதையான பெடியன். எழும்பிக் கதிரை காட்டினான்.

“அண்ணை, போலி இடம் காட்டினால் சிஸ்ரம் தானே தூக்கும். நான் கை வைக்கேலாது.”

“தம்பி, நான் ரோட்டாலைதான் போனனான். பாலத்தைக் கேளுங்கோ, ரீச்சரைக் கேளுங்கோ.”

“அப்பிலை கடலெண்டுதான் இருக்கு.”

“பிழை என்ரை, தம்பி,” என்றாள் யசிந்தா. “அவர் ஓட்டினது சரி. நான்தான் வீட்டிலை இருந்து இழுத்தனான். ஒரு மனிசர் பாத்தால் விளங்கும்தானே?”

“மனிசர் பாக்கிறேல்லை அக்கா.” சொல்லும்போது அவன் முகத்தில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. “போனுக்கு இருக்கிற அப்பைக் கொம்பியூட்டரிலை ஓட்டுறதே கொம்பனிக்குத் துரோகம் எண்டு ஒப்பந்தத்திலை இருக்கு. அண்ணை, பின் கண்ணாடியிலை ஒட்டின ஸ்ரிக்கரைக் கழட்டித் தந்திட்டுப் போகவேணும். அதுவும் ஒப்பந்தத்திலை இருக்கு.”

டிலான் பிளேட் இருக்கிறதா என்று கேட்டான். கீர்த்திகன் மேசை லாச்சியை இழுத்து, அதிலிருந்து எடுத்துக் கொடுத்தான். கொடுத்த விதத்தைப் பார்த்தால் அந்த பிளேட் அடிக்கடி கைமாறுகிற பிளேட் போலிருந்தது. டிலான் படி இறங்கிப் போனான்.

யசிந்தா இருந்த இடத்தில் இருந்தாள். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. அதனால் பெடியனின் முகத்தைப் பாராமல் கையைப் பார்த்தாள். அவன் வலது கை மவுஸில் இருந்தது. விரலை அமத்தி, மணிக்கட்டை மெல்லச் சரித்து, இழுத்து, விட்டான். மறுபடியும் அமத்தி, சரித்து, இழுத்து, விட்டான்.

அந்தச் சரிவு அவளுக்குத் தெரியும். எழும்பி, மேசைக்கு மேலால் எட்டித் திரையைப் பார்த்தாள்.

கறுப்புக் கரை போட்ட போன்கள் வரிசையாக நிமிர்ந்து நின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் பட்டினத்தின் வரைபடம். ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் ஓட்டோ.

“தம்பி, உது எமுலேற்றர் அல்லோ?”

அவன் திடுக்கிட்டான். அந்தச் சொல்லை அவள் வாயால் கேட்பான் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

“இது… இது சும்மா ஆக்களுக்குக் காட்டுறதுக்கு அக்கா. பக்கத்திலை ஓட்டோ நிக்குது எண்டு கண்டால்தான் சனம் அப்பை மூடாமல் பொறுத்திருக்கும். பேந்து உண்மையான ஓட்டோ வர ஏத்திவிடும்.”

“இதுக்குள்ளை ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை.”

குருநகர்த் துறையடியில் மூன்று ஓட்டோ நின்றன. நாய் படுக்கிற இடத்தில் ஒன்று, வலை காய்கிற இடத்தில் இரண்டு. பியாட்றிஸ் எட்டிப் பார்த்துக் காணாதவை. யசிந்தா கண்ணை எடுக்காமல் நின்றாள்.

திரை மணி அடித்தது. மண்டைதீவில் யாரோ ஓட்டோ தேடுகிறார்கள். கீர்த்திகனின் கை பழக்கத்தில் மவுஸுக்குப் போனது. துறையடியில் நின்ற ஓட்டோக்களில் ஒன்றைப் பிடித்துத் தெற்கே இழுத்தான்.

“தம்பி,” என்றாள் யசிந்தா. “அது கடல்.”

அவன் திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பினான். திருப்பினாலும் அவனுக்குப் பின்னால் இருந்த யன்னல் கண்ணாடியில் முழுக்கத் தெரிந்தது. கீழே தெருவில் டிலான் குந்தியிருந்து ஸ்ரிக்கரைச் சுரண்டுகிற சத்தம், மீனில் செதில் உரிப்பதுபோல, விட்டுவிட்டு வந்தது. கண்ணாடியில், நீலத்துக்கு மேலால், கல்லையும் விலத்தாமல், மஞ்சள் ஓட்டோ ஒன்று மண்டைதீவை நோக்கி நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஒன்றும் சிவக்கவில்லை.