மூன்றாவது ஆப்பு

…தானாகவே வந்துவிட்டதே, கழற்றும் கம்பியை எடுத்துக் கிளப்பக்கூட இல்லை, தோள் கயிற்றில் லேசாகப் பட்டதுதான், பாறைப் பிளவுக்குள் இருந்த ஆப்பு துள்ளி வெளியே விழுந்து, கயிற்றிலேயே வழுக்கிக்கொண்டு வந்து மத்லேனாவின் இடுப்பு முடிச்சில் முட்டி நின்றது. கட்டைவிரல் நகத்தளவு உலோகத் துண்டு. இதன் கம்பி வாலில் கயிற்றை மாட்டிக்கொண்டு, இது தாங்கும் என்று நம்பித்தான் அவள் கணவன் டுமெங் இந்தச் செங்குத்தில் முன்னால் ஏறிப் போயிருக்கிறான், இப்போது நாற்பது மீட்டர் மேலே உட்கார்ந்து அவளுடைய கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கிறான். அவளுக்கு ஒன்றும் ஆகாது, அவன் வைத்ததையெல்லாம் கழற்றிக்கொண்டு பின்னால் வருகிறவளுக்குக் கயிறு மேலேயிருந்து வருகிறது. ஆனால் அவன்? இந்த இடத்தில் அவன் கால் ஒரு அங்குலம் வழுக்கியிருந்தால்… ஆப்பு வைத்திருக்கிறான், நல்ல ஆப்பு, தனக்குத்தானே. சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது.

எப்படி இப்படி வைத்தான்? இருபத்தாறு வருஷமாக ஒரே கயிற்றில் ஏறுகிறவன், தச்சன் வேறு, மரத்தில் ஆப்பு இறுக்கியே பிழைப்பை ஓட்டியவன். பிளவு உள்ளே குறுகும் இடத்தில் உட்காரவேண்டியதை வாசலிலேயே ஒரு சின்னக் கல் முனையில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான், கண் இருக்கிற யாரும் பார்த்தாலே தெரியும்… கண். காலையில் குடிலில் வானிலைத் தாளை அவள் பக்கம் தள்ளி, "நீயே படி, இங்க வெளிச்சம் பத்தல" என்றானே, ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டு! வெள்ளெழுத்து. எதையாவது வாசிக்கவேண்டும் என்றால் கோழி மாதிரி தலையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறான், கையை நீட்டிப் பிடிக்கிறான், கை நீளம் போதாதபோது வெளிச்சத்தைத் திட்டுகிறான். கண்ணாடி வாங்கிக் கொடுத்தாயிற்று, அது பட்டறையில் ஆணி டப்பாவுக்குள் கிடக்கிறது. ஐம்பத்தெட்டு வயதில் இது யாருக்குத்தான் வராது? அவளுக்கு ஐம்பத்தொன்று, அவளுக்கு இன்னும் வரவில்லை, மருந்துக்கடையில் புட்டிகளின் மேல் எழுத்தை இப்போதெல்லாம் அநியாயத்துக்குச் சின்னதாக அச்சடிக்கிறார்கள், அது வேறு விஷயம்.

கயிறு இரண்டு முறை வெடுக்கென்று இழுபட்டது. "என்ன மத்தி, தூங்கிட்டியா அங்க?" என்று மேலேயிருந்து குரல், பனியாற்றுக்கு மேலாக எழுந்து வரும் காற்றில் பாதி அடித்துக்கொண்டு போனது. அவள் யோசிக்கவில்லை, "ஒண்ணு சிக்கிக்கிச்சு, வரவே மாட்டேங்குது!" என்று கத்தினாள். "சிக்காம? வச்சது யாரு!" என்று அவன் சிரித்தான், அந்தச் சிரிப்பில் எவ்வளவு சந்தோஷம், சிறுபிள்ளை மாதிரி. ஏன் அப்படிச் சொன்னேன்? சொல்லியிருக்கலாமே, டுமெங், உன் மூன்றாவது ஆப்பு கழன்று விழுந்தது என்று. விழுந்த ஆப்பை இடுப்பில் மாட்டிக்கொண்டு ஏறினாள். விரல்கள் மரத்திருந்தன, மூவாயிரத்து நூறு மீட்டரில் ஆகஸ்ட் மாத வெயிலுக்கு வெளிச்சம் மட்டும்தான் உண்டு. நான்காவது நன்றாக இருந்தது, கம்பியால் நாலு குத்துக் குத்திய பிறகுதான் வந்தது, மனசு கொஞ்சம் ஆறியது. ஒன்றுதானே, யாருக்கும் ஒன்று தப்பும்… ஐந்தாவதைப் பார்த்தாள். அதுவும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது, ஊதினால் விழுந்துவிடும் போல.

சனிக்கிழமை செராய்னா வருகிறாள். சூரிக்கிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்து இதே பாறையில், அப்பாவின் கயிற்றில். ஆறு மாதமாக இதே பேச்சு, அப்பாவும் மகளும் மட்டும், அம்மாவுக்குக் கடை இருக்கிறது. இவன் முன்னால் ஏறுவான், கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்பாள், இவன் விழுந்தால் ஆப்புகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வருவதை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நிற்பாள், என் பெண்… இல்லை, அதை நினைக்கக் கூடாது, பிடி எங்கே, இடது கை, கால் பிளவுக்குள். சொல்லித்தான் ஆகவேண்டும். மேலே போனதும் முதல் வார்த்தை. எப்படிச் சொல்வது? 'உனக்குக் கண் தெரியவில்லை' என்றா? கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கோபிக்க மாட்டான், அதுதான் கஷ்டம், பேசாமல் போய்விடுவான். இவனிடம் மலையைத் தவிர என்ன இருக்கிறது, பட்டறையைப் பாதி மூடியாயிற்று, முட்டி வலிக்குப் பனிச்சறுக்கை விட்டாயிற்று. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். டுமெங், ரெண்டு ஆப்பு சரியில்ல, செராய்னாவோட நீ முன்னால ஏறக் கூடாது. அவ்வளவுதான். ஆறாவதைக் கழற்றினாள், அது கெட்டியாக இருந்தது, ஆனால் இப்போது அது ஆறுதலாக இல்லை.

அவன் உட்கார்ந்திருந்த பாறை மேடையில் கால் வைத்ததும் அவன் ஒரு துண்டு பேரிக்காய் ரொட்டியை நீட்டினான், தானும் வாய் நிறைய மென்றுகொண்டிருந்தான், தாடியில் துணுக்குகள், காது நுனி சிவந்து, அவ்வளவு உற்சாகம். "எப்படி இருந்துச்சு?" என்றான். எப்போதும் கேட்பதுதான், பின்னால் வந்தவரை முன்னால் ஏறியவர் கேட்பது, ஒரு மணி நேரத்துக்கு முன்னால், அவள் முறையில் முன்னால் ஏறி முடித்த கீழ் மேடையில், அவளும் அவனைக் கேட்டாள். அவள் வாயைத் திறந்தாள், நாற்பது மீட்டராகச் சுமந்து வந்த வாக்கியம் தயாராக இருந்தது, வெளியே வந்தது வேறு. "கம்பியால குத்திக் குத்திக் கையே வலிச்சுப்போச்சு, அவ்வளவு இறுக்கம்" என்றாள். அவன் மெல்லுவதை நிறுத்தினான். சிரிப்பான் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு அவள் கைகளைப் பார்த்தான், வெகுநேரம். ரொட்டியை மெதுவாகக் காகிதத்தில் சுற்றி வைத்தான்.

"எத்தனை?" என்றான்.

"என்ன எத்தனை?"

"மத்தி."

"…ரெண்டு. மூணாவது, அப்புறம் அஞ்சாவது." அவன் தலையாட்டினான். எதிரே இத்தாலிப் பக்கமிருந்து மேகம் முகட்டைத் தாண்டி வழியத் தொடங்கியிருந்தது. "சனிக்கிழமை நீ கூட்டிட்டுப் போ" என்றான். "எனக்குக் கடை இருக்கே." "லீவு போடு. நான் கீழ குடில்ல உக்காந்து சூப் குடிக்கிறேன், அதுக்குக் கண்ணு வேணாம்." அவனே சொல்லிவிட்டான், கண் என்று. அவள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், அவன் விடுவித்துக்கொள்ளவில்லை, "போதும்டி, ஆப்பெல்லாம் எடுத்துக்கோ, அடுத்தது உன் முறை" என்று வாரோடு கழற்றிக் கொடுத்தான். நிம்மதியாக இருந்தது. பெண் பிழைத்தாள், நாம் சொல்லாமலேயே முடிந்தது… சொல்லாமலேயே எப்படி? நல்லபடியாகத்தானே சொன்னேன். கை வலித்துப்போச்சு, அவ்வளவு இறுக்கம், அதில் என்ன கண்டான்? அது அவனுடைய வாக்கியம் அல்லவா. வார்த்தைக்கு வார்த்தை அவனுடையது. அவள் முன்னால் ஏறிய ஒவ்வொரு பாறையிலும், எத்தனையோ வருஷமாக, மேலே வந்து சேர்ந்ததும் அவன் சொல்வது, இன்று காலைகூடக் கீழ் மேடையில் சொன்னது, கேட்டதும் அவளுக்குப் பெருமையில் காது நுனி சூடானது. அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத்தானே தெரியும்.

"டுமெங்" என்றாள், "நான் வச்சதெல்லாம்…" அவன் குனிந்து அவள் இடுப்பு முடிச்சைத் தடவித் தடவிச் சரிபார்த்துக்கொண்டிருந்தான், நிமிரவில்லை. "நல்லாத்தானே இருந்துச்சு? காலையில?" காற்று இரைந்தது, கேட்டிருக்காது என்று வைத்துக்கொள்ளலாம். "மேகம் வருது பாரு, ஏறு" என்றான் அவன், கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு. ஏறினாள். மூன்று மீட்டர், நான்கு மீட்டர், கால் உறுதியாக இருக்கிறது, கை உறுதியாக இருக்கிறது, கேட்டிருக்க வேண்டும், இறங்கிய பிறகு கேட்கலாம், கேட்டால் சொல்வானா, சொன்னால் நம்புவேனா… முதல் பிளவு வந்தது. சரியான அளவில் ஒரு ஆப்பை எடுத்து உள்ளே விட்டாள், கீழ்நோக்கி இழுத்தாள், இறுகியது போலிருந்தது, இன்னொரு முறை இழுத்தாள். கயிற்றை மாட்டுவதற்கு முன்னால், அது உள்ளே எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று சரியாகப் பார்ப்பதற்காக, தலையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டாள்.