சுடாத தண்ணீர்

பாத்திரம் கழுவும் மெஷினில் தண்ணீர் சுடவில்லை என்று ஒரே மாதத்தில் மூன்றாவது புகார், அதே வீட்டிலிருந்து. முதல் தடவை ஹீட்டரை மாற்றினார் மெக்கானிக். அடுத்த தடவை சூட்டை அளக்கும் சென்சாரை மாற்றினார். இன்று முட்டி வலிக்கத் தரையில் உட்கார்ந்து மீட்டர் வைத்துப் பார்த்தால், எல்லாம் கல்லு மாதிரி இருந்தது. இனி மாற்ற மிச்சமிருந்தது மெக்கானிக் மட்டும்தான்.

"ஓடவிட்டுப் பாத்துடலாம்மா," என்றார் அலுப்போடு.

வீட்டுக்காரம்மா பன்னிரண்டு வருடமாக ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிறவர். இடுப்பில் இரண்டு வயது மகளோடு காத்திருந்தார். பாதி ஓட்டத்தில் பொறுமையிழந்து மெஷினை நிறுத்தி, கதவைத் திறந்து, சொட்டச் சொட்ட ஒரு தட்டை எடுத்து நீட்டினார்.

"நீங்களே தொட்டுப் பாருங்கண்ணா. பச்சத்தண்ணி மாதிரி இல்ல?"

வாங்கிய வேகத்தில் மெக்கானிக் அலறிக்கொண்டு கையை உதறினார். தட்டு தரையில் சுக்குநூறானது. வாய்வரை வந்த வசவை விழுங்கிவிட்டு, மெஷினுக்குள் தேங்கிய தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டார். அறுபத்தைந்து டிகிரி.

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்லம்மா. உங்க கைதான் மரத்துப் போயிருக்கு. டாக்டர்கிட்ட காட்டுங்க."

வீட்டுக்காரம்மா தெர்மாமீட்டரில் இருந்த எண்ணைப் பார்த்தார். தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தார்.

"கைய விட்டுப் பாத்துத்தான் இவளுக்குக் குளிக்கத் தண்ணி வெளாவுறேன்," என்றார். "தெனமும் கத்துவா. அடம்னு நெனச்சு அடிச்சிருக்கேன்."