கட்டைவிரல் வேண்டாத மூடி

ஆனந்தியின் இடது கையை இடுப்போடு சேர்த்துத் துண்டால் கட்டும்போதெல்லாம் அவள் கணவன் ஈஸ்வரன் ஒரே கேள்வியைத்தான் கேட்பான். "இறுக்கமா இருக்குதா அம்மிணி?" கேட்டுவிட்டு முடிச்சுக்கும் அவள் வயிற்றுக்கும் நடுவே தன் ஒரு விரலை விட்டுப் பார்ப்பான். விரல் நுழைந்தால் சரி. வீட்டில் கன்று இருந்தவரை அதற்குக் கயிறு மாட்டும்போதும் அப்படித்தான் பார்ப்பான். ஆனந்தி இல்லையென்று தலையை ஆட்டினாள். உண்மையிலேயே இறுக்கமாக இல்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. வலித்தாலாவது முகத்தைச் சுளித்துக் காட்டியிருக்கலாம்.

மார்கழி கடைசி ஞாயிறு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று விடியற்காலையிலிருந்தே எருத்தேன்பதி ஊரின் தென்னைகளைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால், குளியலறையை ஒட்டித் தகரம் போட்டு இறக்கிய இடத்தில் வாஷிங் மெஷின் நின்றது. அதன் மூடியைத் திறந்து வைத்து, விளிம்பில் ஒரு வெள்ளை டப்பாவைக் கொக்கி போட்டு மாட்டினான் ஈஸ்வரன். டப்பாவின் தலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகை. பலகையை அமுக்கினால் ஒரு தடவைக்கு வேண்டிய சோப்பு லிக்விட் அளவாகத் துணிமேல் விழும். தீர்ந்தால் மறுபடி நிரப்பிக்கொள்ளலாம்.

"இதுக்குக் கட்டைவிரலே வேண்டாம் பாரு. எந்த வெரலும் வேண்டாம். கைய மேல வெச்சாப் போதும்," என்றான்.

அவள் அந்தப் பலகையைப் பார்த்தாள். அதன் ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தான். கை கீறிவிடக் கூடாது என்று.

ஆடி மாதத்தில் பால் சொசைட்டி வரிசையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. தூக்குப்போசி கையிலிருந்து நழுவியதைப் பார்த்தாள். பால் சிமெண்டுத் தரையில் ஓடியதையும், பின்னால் நின்ற குப்பண்ணன் தன்னைத் தாங்கிப் பிடித்ததையும் பார்த்தாள். "என்னாச்சு ஆனந்தி" என்று அவர் கேட்டதும் காதில் விழுந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது வலது கால் பாதி வந்திருந்தது. கொஞ்சம் இழுத்து இழுத்து நடக்கலாம். வலது கை வரவில்லை. தோளுக்குக் கீழே அது ஈரத் துணி மாதிரி தொங்கியது. பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தப்பிக் கிடந்தது. "நாளைக்கு."

எத்தனையோ சொற்கள் இருக்க, அது ஏன் மிஞ்சியது என்று அவளுக்குத் தெரியவில்லை. மனசுக்குள் எல்லாச் சொற்களும் பழையபடியே இருந்தன. பசிக்கிறது, புளிப்பு அதிகம், அந்தச் சன்னலைச் சாத்து, என்னைக் கொஞ்சம் தனியாக விடு. எல்லாம் தொண்டைவரை முழுசாக வந்து, வாயைத் தாண்டும்போது "நாளைக்கு" என்று மாறிவிடும். அக்கம்பக்கத்துப் பெண்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், அப்புறம் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். ஈஸ்வரன் மட்டும் அந்தச் சொல்லை அப்படியே நம்பினான். "இன்னிக்கு முடியலயா? செரி, நாளைக்குப் பாக்கலாம்" என்பான். அவள் இனிமேல் வேண்டாம் என்று சொல்ல வந்திருப்பாள். அவன் காதில் அது வாக்குறுதியாக விழும். அதை நம்பி மறுநாள் கஞ்சிக்கோட்டிலிருந்து இன்னொரு டப்பாவைச் செய்து எடுத்து வருவான்.

கஞ்சிக்கோட்டில் பிளாஸ்டிக் கம்பெனி ஒன்றில் மோல்டு பிரிவில் அவனுக்கு வேலை. எண்ணெய் பாட்டில், ஷாம்பு பாட்டில், மருந்து பாட்டில் எல்லாவற்றுக்கும் மூடி போடுகிற கம்பெனி. பஞ்சாயத்து வண்டியில் வீட்டுக்கு வரும் ஃபிசியோ ஜிஸ்மி, பாலக்காட்டு மலையாளம் கலந்த தமிழில் ஒருநாள் சொன்னாள். "சேட்டா, சும்மா பந்தை அமுக்கச் சொன்னா அவங்களுக்கு மடுப்பு வரும், சலிச்சுப் போயிடும். வீட்டுல பண்ணிட்டிருந்த ஜோலி எதாவது குடுங்க. மொதல் ஆறு மாசம் ரொம்ப முக்கியம் கேட்டோ." ஈஸ்வரன் மெஷின் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். மூடி என்றால் அவனுக்குத் தெரியும். நல்ல கையைக் கட்டிவிட்டால் சோம்பிய கை வேலை செய்யத் தொடங்கும் என்பதைப் பிறகு ஃபோனில் ஏதோ வீடியோவில் பார்த்தான். ஜிஸ்மியிடம் அதைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம் அவனுக்கு இருந்ததை ஆனந்தி அறிவாள்.

முதலில் கொண்டுவந்தது ஒரு பந்து. லிக்விடை நிரப்பி, திருகு மூடியைப் போட்டு, துணியோடு உள்ளே எறிய வேண்டியது. பிடித்துத் திருக ஐந்து விரலும் வேண்டும். விரல்களை அவனே ஒவ்வொன்றாக எடுத்து மூடிமேல் பொருத்தினான். கையை எடுத்ததும் அவை சரிந்து விழுந்தன. அடுத்தது ஷாம்பு பாட்டில்போலத் தட்டித் திறக்கிற மூடி. அதற்குக் கட்டைவிரல் மட்டும் போதும். பிறகு பழைய லாரி ஆரன் மாதிரி ஒரு ரப்பர்க் குமிழ் வந்தது, முஷ்டியை இறுக்கினால் போதும் என்று. அதற்கும் பிறகு விரலே இல்லாமல் கையின் பக்கவாட்டால் தள்ளுகிற ஒரு நெம்புகோல். கம்பெனியில் அவனோடு வேலை பார்க்கும் ஆறுச்சாமிதான் ஒவ்வொன்றுக்கும் ஸ்பிரிங் சுற்றிக் கொடுத்தான். "உன்ற ஊட்டுக்காரிக்கு நானும் பாதி வைத்தியனாயிட்டேன்" என்று சொன்னானாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்த ஈஸ்வரன் பாதியிலேயே நிறுத்திக்கொண்டான்.

ஒவ்வொரு டப்பாவும் முந்தினதைவிடக் குறைவாகவே அவளிடம் கேட்டது. அவன் அதைக் கவனித்தானோ இல்லையோ, அவள் கவனித்தாள். ஐந்து விரல் கேட்டவன் ஒரு விரலுக்கு இறங்கினான். பிறகு வெறும் பலம் கேட்டான். பிறகு தள்ளினால் போதும் என்றான். இன்றைக்குக் கையின் கனம் மட்டும் போதும் என்கிறான். வாயால் ஒருநாளும் ஒப்புக்கொள்ளாததை அவன் செய்த டப்பாக்கள் ஒவ்வொரு படியாக ஒப்புக்கொண்டு வந்தன. தை பிறந்தால் ஆறு மாதம் முடிகிறது.

அவனுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. கார்த்திகையில் ஒரு மத்தியானம், குளியலறைக்குப் போய்ச் சேருவதற்குள் சிறுநீர் போய் உள்பாவாடை நனைந்துவிட்டது. அவன் ஷிப்டு முடிந்து வருவதற்குள் அதை இல்லாமல் ஆக்கிவிட வேண்டும் என்ற வெறி வந்தது. கடையில் வாங்கிய சாதாரண லிக்விட் பாட்டிலை வலது அக்குளில் இடுக்கி, இடது கையால் மூடியைத் திருகினாள். பாதி கீழே கொட்டியது. மெஷினைப் போட்டு, கொடியில் உலர்த்தி, மடித்தும் வைத்துவிட்டாள். கிளிப்பைப் பல்லால் கடித்துப் பிடித்தது மட்டும் கஷ்டமாக இருந்தது. அதற்குப் பிறகும் பலமுறை செய்தாள். இடது கை கற்றுக்கொண்டுவிட்டது. அதை அவனிடம் காட்ட அவளுக்கு மனம் வரவில்லை. காட்டினால் தினமும் இந்தத் துண்டு கட்டுவது நின்றுபோகும். அதோடு அவன் முகத்தில் இருக்கும் நம்பிக்கையும் நின்றுபோகும். தூங்கப் போகுமுன் அவளும் தன் பங்குக்கு அந்த வலது கையைப் பார்த்து, மடங்கு மடங்கு என்று மனசுக்குள் கெஞ்சுபவள்தான்.

"வெய்யி," என்றான் ஈஸ்வரன். "சித்தக் கைய மேல கொண்டா. அவ்வளவுதான்."

அவள் தோளை எக்கி உடம்பை ஒரு சுழற்றுச் சுழற்றினாள். கை ஊசலாடி மேலே போய்ப் பலகையின்மேல் பொத்தென்று விழுந்தது. ஸ்பிரிங் அமுங்கியது. நீல நிற லிக்விட் ஒரு கோடாக இறங்கித் துணிமேல் விழுந்து நின்றது. ஒரு சொட்டு அதிகமில்லை.

ஈஸ்வரன் துணியில் விழுந்ததைத் தொட்டுப் பார்த்தான். விரலை மூக்கில் வைத்து முகர்ந்தான். "ஆனந்தி," என்றான். "கை வேல செஞ்சிருச்சு பாத்தியா. உன்ற கை செஞ்சிருச்சு."

இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள். செய்தது தோள், விழுந்தது கை. அந்தப் பலகைமேல் ஒரு செங்கல்லை வைத்திருந்தாலும் லிக்விட் இறங்கியிருக்கும். இதைச் சொல்ல வாயைத் திறந்தாள். "நாளைக்கு," என்றது வாய்.

"நாளைக்கு இல்ல, இப்பவே இன்னொருக்கா. பாப்பாவுக்குக் காட்டோணும்." கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கும் மகள் தமிழ்ப்ரியாவுக்கு வீடியோ போட ஃபோனை எடுத்தான். தகரத்தடியில் சிக்னல் சரியாக இல்லை. ஃபோனைத் தூக்கிப் பிடித்தபடியே கேட்டைப் பார்த்துப் போனான். போகும்போது துள்ளிய நடை. கல்யாணமான புதிதில் சைக்கிளை நிறுத்திவிட்டு அவளைத் தேடிக்கொண்டு இப்படித்தான் வருவான். இத்தனை மாதத்தில் அவன் ஒருநாளும் இப்படிச் சந்தோஷப்படவில்லை. இதை இனி யார் அவனிடமிருந்து பிடுங்குவது? பிடுங்காவிட்டால் இந்தச் செங்கல்லைத் தினமும் தூக்கிப் போட்டுக்கொண்டு, கை வந்துவிட்டது, கை வந்துவிட்டது என்று கேட்டுக்கொண்டே சாக வேண்டியதுதான். அவள் குனிந்து துண்டின் முடிச்சைப் பல்லால் பற்ற முயன்றாள். எட்டவில்லை. மெஷின் விளிம்பில் இடுப்பைத் தேய்த்துத் தேய்த்து முடிச்சை மேலே ஏற்றினாள். தோல் எரிந்தது. ஒருவழியாகத் துண்டு தளர்ந்து காலடியில் விழுந்தது.

கேட்டருகே அவன் குரல் கேட்டது. "பாப்பா, அம்மா வலது கையில மெஷின் போட்டுட்டாடா. ஆமா சாமி, வலது கையிலதான். இரு, காட்டறேன்."

ஆனந்தி அலமாரியிலிருந்து பழைய லிக்விட் பாட்டிலை எடுத்தாள். அக்குளில் இடுக்கினாள், திருகினாள், மூடியில் ஊற்றி மெஷினுக்குள் சாய்த்தாள். ஈஸ்வரன் ஃபோனை முன்னால் நீட்டியபடி உள்ளே வந்தபோது அவள் பாட்டிலை மூடிக்கொண்டிருந்தாள். ஃபோனுக்குள் தமிழ்ப்ரியாவின் முகம் இருந்தது. தலைக்குக் குளித்து ஈரத்தோடு, சிரித்த முகமாக.

"ஏன் இத எடுத்தே?" ஈஸ்வரன் ஃபோனை மெஷின்மேல் வைத்துவிட்டு அவளுடைய இடது மணிக்கட்டைப் பிடித்தான். "இந்தக் கை வேண்டாம் ஆனந்தி. இதுல செஞ்சா அது வராது. எத்தனதரம் சொல்லறது." குனிந்து துண்டைத் தேடினான்.

போதும் என்று சொல்ல நினைத்தாள். "நாளைக்கு," என்றாள். மறுபடி அழுத்திச் சொன்னாள். "நாளைக்கு. நாளைக்கு."

"நாளைக்கு நாளைக்குன்னு தை பொறந்துருமில்ல," என்று துண்டை உதறிக்கொண்டு நிமிர்ந்தான்.

அவள் அவன் கன்னத்தில் அறைந்தாள்.

சத்தம் பெரிதாக இல்லை. இடது கைக்கு அந்த வேலை இன்னும் பழகவில்லை. அவன் கன்னத்தில் லிக்விட் ஒட்டி வழிந்தது. அவன் அதைத் துடைக்கவும் இல்லை. மெஷின்மேல் தகரத்தைப் பார்த்துக் கிடந்த ஃபோனிலிருந்து மகளின் குரல் மட்டும் வந்தது.

"அப்பா. என்னங்கப்பா சத்தம்? அம்மா?"

தமிழ்ப்ரியா மெதுவாகச் சொன்னாள். "அப்பா, அம்மாவுக்கு எந்தக் கை வருதோ அந்தக் கையில செய்யட்டுமுங்கப்பா. எனக்குத் தெரியுமுங்க. கார்த்திகைத் தீபத்துக்கு வந்தப்பவே பாத்துட்டேன். அம்மா சொல்ல வேண்டாம்னு கண்ணு காமிச்சாங்க." அதற்குப் பிறகு அவள் அழுகிற சத்தம். பிறகு காற்றில் அது விட்டுவிட்டுக் கேட்டு, சிக்னல் போய் அணைந்தது.

ஈஸ்வரன் துவைகல்லின்மேல் உட்கார்ந்தான். துண்டு அவன் மடியில் கிடந்தது. மெஷின் விளிம்பில் மாட்டியிருந்த டப்பாவைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே கேட்டான். "செஞ்சது தோளுதானா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"எனக்கும் தெரிஞ்சுது," என்றான். "விழுந்தப்பவே தெரிஞ்சுது." துண்டின் ஓரத்தை நீவிக்கொண்டே, "எனக்கு வேறென்ன தெரியும் சொல்லு. மூடி செய்யத்தான் தெரியும். டாக்டரு ஒண்ணுஞ் சொல்லல, அந்த ஃபிசியோ புள்ளயும் நேராச் சொல்ல மாட்டேங்குது. நாம்பாட்டுக்குச் செஞ்சுட்டே இருந்தா எதாச்சும் ஒண்ணு..." என்று நிறுத்தினான். பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டான். "அப்ப இந்தக் கைய உட்டறலாமுங்கறயா?"

இதற்கு ஆம் என்றும் இல்லையென்றும் தலையாட்ட அவளால் முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தன்னிடம் இருப்பதாக அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பதே அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. பொத்தானை அமுக்கினாள். மெஷினுக்குள் போர்வெல்லின் உப்புத் தண்ணீர் விழத் தொடங்கியது. காலை இழுத்து நடந்துபோய்த் துவைகல்லில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பிறகு இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, துண்டின்மேல், அவன் மடியில் வைத்தாள்.

அவன் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான். பாட்டிலிலிருந்து வழிந்த லிக்விட் உள்ளங்கையில் காய்ந்து பிசுபிசுத்தது. பக்கத்து வாளியில் துண்டின் நுனியை நனைத்துத் துடைக்க ஆரம்பித்தான். முதலில் உள்ளங்கை, பிறகு விரல்களின் இடுக்கு, பிறகு நகங்கள். அவசரமே இல்லாமல், ஒரு விரலை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனான். தகரத்தின்மேல் காற்று தென்னம்பாளை ஒன்றை உருட்டிக்கொண்டு போனது. அவன் நிமிரவில்லை. எந்த விரலை அவன் தொடுகிறான் என்பது ஆனந்திக்குப் பார்த்தால்தான் தெரிந்தது. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.