ஈச்சங்கொல்லைக்கு ஆதாரம் இல்லை

தனசேகரன் சார் ஒருநாள் பயிற்சிக்காக மலையிறங்கிப் போனபோது இயற்பியல் ஆசிரியராகத்தான் போனார். திரும்பி ஏறும்போது ஆய்வாளராக ஏறினார். பயிற்சியில் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். அதில் ‘ஆய்வு வழிகாட்டி’ என்று போட்டிருந்தது. மலைமேலிருந்த எங்கள் அரசுப் பள்ளியில் அவர் யாரென்று தெரியாத ஆள் ஒருவரும் இல்லை. ஆனாலும் அந்த அட்டையை அவர் கழற்றவேயில்லை. குளிக்கும்போது என்ன செய்தார் என்பதை ஒடுகத்தூரில் இருக்கும் அவர் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

மறுநாள் பிளஸ் ஒன் வகுப்பில் சட்டம் போட்டார். அறிவியல் கண்காட்சிக்கு யார் எதைச் செய்தாலும் பத்து இணைய ஆதாரம் வேண்டும். லிங்க் இல்லாத வரி சார்ட்டில் இருக்கக்கூடாது.

“கண்ணால பாத்தேன், கையால தொட்டேன்னு எவனும் எழுதாதீங்க. அது கதை. நெட்ல இருந்தாத்தான் அது சயின்ஸு” என்றார்.

நெட் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கும் விடுதிக்கும் நடுவில் ஒரு பாறை உண்டு. அதன்மேல் ஏறி, தெற்குப் பக்கம் திரும்பி, போனை உயரத் தூக்கிப் பிடித்தால் சிக்னல் இரண்டு கோடு காட்டும். சாயங்காலம் முப்பது பிள்ளைகள் வானத்தைப் பார்த்துக் கை தூக்கி நிற்பதைக் கண்ட ஆடு மேய்ப்பவர்கள், பள்ளிக்கூடத்தில் மதம் மாற்றுகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

லிங்க்கைத் திறந்து படிக்கும் வழக்கம் யாருக்கும் வரவில்லை. படிக்கச் சொன்னதாகவும் யாருக்கும் நினைவில்லை. நீளமான லிங்க்குக்கு மரியாதை அதிகம். ஒரு நல்ல நீளமான லிங்க் இரண்டு கடலை மிட்டாய்க்குக் கைமாறியது. எரிமலை செய்த பார்த்திபனின் ஐந்தாவது ஆதாரம் ஒரு பட்டுப்புடவைக் கடை; ஏழாவது, முடி உதிர்வுக்கு எண்ணெய். தனசேகரன் சார் ஒவ்வொரு சார்ட்டிலும் ஆதாரங்களை விரல்விட்டு எண்ணி டிக் போட்டார். எண்ணுவதில் அவர் ரொம்பக் கறார். ஒன்பது வைத்திருந்தவனைத் திருப்பி அனுப்பினார்.

சரிதாவின் சார்ட்டைப் பார்த்ததும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

சரிதா ஈச்சங்கொல்லைப் பெண். நடுப்பட்டோடு தார் ரோடு முடிந்துவிடும். அங்கிருந்து சாமைக் கொல்லைகளைத் தாண்டி இரண்டு சரிவு ஏறி இறங்கினால் ஈச்சங்கொல்லை. இருபது வீடு, புளியமரங்கள், குடிக்க ஒரே ஓர் ஊற்று. சித்திரை பிறந்தால் அந்த ஊற்று சுருங்கி ஒரு குழியாகிவிடும். அந்தக் குழியில்தான் மாடும் குடிக்கும், மனிதரும் மொள்ள வேண்டும். போன கோடையில் அவள் தம்பி மோகனை வயிற்றுப்போக்கில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் மூன்று பாட்டில் குளுக்கோஸ் ஏறியபின் கண் திறந்தான். அதே வாரம் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையும் மலையிறங்கியது. அது திரும்பி ஏறவில்லை.

சரிதாவின் அப்பா மாதையன் மனு நாள் தவறாமல் மனுக் கொடுத்தார். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் தவறாமல் வந்தது.

பள்ளிக்கூடச் சாமான் அறையில் தண்ணீர்ச் சோதனைக் குப்பிகள் ஒரு பெட்டி, எந்தத் திட்டத்திலோ வந்தது, பிரிக்காமலே கிடந்தது. தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால் கெட்ட தண்ணீர் கறுத்துப்போகும். ஒவ்வொரு வாரமும் ஊற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றி வைத்தாள் சரிதா. இருபது குப்பியில் பதினேழு கறுத்தது. அவள் போட்ட திட்டம் சின்னது. இங்கே ஜெயித்தால் மாவட்டம். மாவட்டத்தில் கலெக்டர் கையால் பரிசு. பரிசு வாங்கும் அந்த நிமிஷத்தில் ஈச்சங்கொல்லைக்கு ஒரு டேங்க் கேட்டுவிடலாம். அவளுக்குக் கோப்பை வேண்டியதில்லை. கோப்பையை நீட்டுகிற ஆள்தான் வேண்டும்.

“இதுக்கு இன்னாம்மா ஆதாரம்?” என்றார் தனசேகரன் சார், கறுத்த குப்பிகளின் படத்தைத் தட்டி.

“குப்பியே இருக்குங்க சார். எடுத்தாரட்டுங்களா?”

“குப்பி ஆதாரம் இல்லம்மா. லிங்க் எங்க?”

லிங்க் இல்லை. பாறைமேல் ஏறி நின்று ஈச்சங்கொல்லை என்று தேடினால், நீங்கள் தேடுவது ஈச்சங்காடா என்று நெட் திருப்பிக் கேட்டது. இல்லை என்று சொன்னதும் அதற்கு ஆர்வம் போய்விட்டது. ஊற்று என்று தேடினால் காவிரியில் போய் நின்றது. வாக்குக் கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் தெரிந்திருந்த ஊர் அது.

வழி சொன்னவன் பார்த்திபன். நெட்டில் இல்லையென்றால் நாமே போட்டுவிட்டுப் போகலாமே என்றான். இலவசமாகப் பக்கம் திறக்க அவனுக்குத் தெரியும். தனக்குப் பிடித்த நடிகருக்கு ஒன்று வைத்திருந்தான். அவன் போனிலேயே திறந்து, ‘ஜவ்வாது மலை நீர் ஆய்வு மையம்’ என்று தலைப்புக் கொடுத்தான். மேலே ஒரு நீலச் சொட்டுப் படம் வைத்தான். பார்ப்பதற்கு அரசாங்கம் மாதிரியே இருந்தது.

“மையம் எங்க இருக்குதுன்னு கேட்டா இன்னாடா சொல்றது?”

“யாரு கேக்கப்போறா சரிதா? சாரு எண்ணத்தானே போறாரு.”

சரிதா உட்கார்ந்து, சார்ட்டில் இருந்ததை அப்படியே தட்டினாள். ஊர்ப் பெயர், ஊற்று, மாடு, கறுத்த குப்பி, கறுக்காத குப்பி, மோகன், பக்கத்து வீட்டுக் குழந்தை. அந்தப் பக்கத்தில் பொய் என்று இருந்தது தலைப்பு மட்டும்தான்.

கடலை மிட்டாய் கொடுத்து வாங்கிய ஒன்பதோடு சேர்ந்து வந்த பத்தாவது ஆதாரத்தைப் பார்த்ததும் தனசேகரன் சாருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. தேடினால் கிடைக்கிறது பார் என்றார். நமக்கு முன்னாலேயே பெரியவர்கள் எவ்வளவு வேலை செய்து வைத்திருக்கிறார்கள், நமக்குத் தேட உடம்பு வளைவதில்லை என்று வகுப்புக்கே பாடம் எடுத்தார். பத்தையும் எண்ணி டிக் போட்டார்.

கண்காட்சி மலையடிவாரத்துப் படவேட்டில், ஒரு கல்யாண மண்டபத்தில். நடுவராக வந்தவர் கீழே ஒரு கல்லூரியில் வேலை பார்க்கும் ரேணுகாதேவி மேடம். நல்லவர், நேர்மையானவர், உழைப்பாளி. அதனால்தான் கெட்டது. அந்த வட்டாரக் கண்காட்சிகளின் வரலாற்றிலேயே லிங்க்கைத் திறந்து பார்த்த முதல் நடுவர் அவர். படவேட்டில் சிக்னலும் நன்றாக இருந்து தொலைத்தது.

சரிதாவின் பத்தாவது லிங்க்கைத் திறந்தார். படித்தார். நிமிர்ந்து சார்ட்டைப் படித்தார். மறுபடி போனைப் படித்தார்.

“ஒரு எழுத்து விடாம அப்படியே காப்பி அடிச்சிருக்கியேம்மா.”

“இல்லீங்க மேடம். அது நான் எழுதினதுதாங்க.”

“எது? சார்ட்டா, இந்த ஆய்வா?”

சரிதா சார்ட்டையும் மேடத்தின் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆய்வும் நான்தான் என்றால் ஆதாரம் பொய். ஆதாரமில்லாத வரி சார்ட்டில் இருக்கக்கூடாது. சார்ட் மட்டும்தான் நான் என்றால் திருடி. தன் சட்டைப் பையில் தானே கைவிட்டுப் பிடிபட்டவள் மாதிரி நின்றாள். பக்கத்தில் நின்ற தனசேகரன் சார், நாலு வார்த்தையாவது மாற்றி எழுதியிருக்கலாமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார். ஆராய்ச்சி நெறி பற்றி அன்று அவர் சொன்ன ஒரே வாசகம் அது.

மதிப்பெண் தாளில் ‘காப்பி’ என்று எழுதி அடிக்கோடு போட்டார் மேடம். பிறகு, குற்றம் செய்தவளை விட்டுவிட்டுக் குற்றத்தின் தரத்தைப் பாராட்டினார். எவ்வளவு அருமையான ஆய்வு, யார் நடத்துகிறார்கள் இந்த மையத்தை, சாருக்குத் தெரியுமா என்று கேட்டார்.

தெரியாது என்பது தனசேகரன் சாருக்குப் பழக்கமில்லாத சொல்.

“நம்ம ஆளுங்கதான் மேடம். நான் அப்பப்போ ஆலோசனை சொல்றதுண்டு” என்றார்.

எரிமலை முதல் பரிசு வாங்கி மாவட்டத்துக்குப் போனது. அதன் ஐந்தாவது ஆதாரத்தைத் திறப்பதற்குள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேடம் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் செத்துப்போன அந்தக் கைக்குழந்தையின் கதை அவரை உறுத்தியிருக்கிறது. குடிநீர்த் திட்டத்தில் இருந்த பூபாலன் என்கிற பொறியாளருக்கு அந்தப் பக்கத்தை அனுப்பிவைத்தார். பூபாலனுக்கு மார்ச் முடிவதற்குள் மலைமேல் ஒரு டேங்க் கட்டியே ஆகவேண்டிய நெருக்கடி. எங்கே கட்டுவது என்பதற்குக் கோப்பில் ஓர் ஆதாரம் தேவை. மையத்தின் ஆலோசகருக்குப் போன் போட்டு, இயக்குநரைப் பார்க்க வேண்டும் என்றார்.

அப்போதுதான் தனசேகரன் சார், தான் ஆலோசனை சொல்லிவந்த மையம் எங்கே இருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினார். பார்த்திபன் இரண்டாவது அதட்டலில் சொல்லிவிட்டான்.

சரிதாவை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்துப் போனாள். ஸ்டூல் இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“இத பாரும்மா. ஒரு பிளஸ் ஒன் பொண்ணு போன்ல தட்டினத நம்பி கவர்மெண்டு டேங்க் கட்டுமா? கட்டாது. ஒரு ஆளு வேணும். நான் இயக்குநரா இருந்துக்கறேன். பாஸ்வேர்டு குடு.”

“என்னைய காப்பி அடிச்சேன்னு எழுதிட்டாங்களே சார்.”

“அது ஒரு பக்கம் கெடக்கட்டும். உனக்கு டேங்க் வேணுமா, பேரு வேணுமா?”

சனிக்கிழமை வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டாள். மாதையன் புளி தட்டிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே சொன்னார்.

“பேர அவரே வெச்சிக்கட்டும் பாப்பா. தண்ணி நம்மளுக்கு வரட்டும்.”

திங்கட்கிழமை பாஸ்வேர்டைச் சொல்வதற்கு முன் சரிதா ஒன்றே ஒன்று கேட்டாள். இருபதில் பதினேழு என்பதை மட்டும் மாற்றக்கூடாது. குறைத்துக் காட்டினால் டேங்க் வராது என்ற பயம் அவளுக்கு.

“நம்பர்ல கை வெப்பேனா? நான் சயின்ஸு வாத்தியார்ம்மா” என்றார் இயக்குநர்.

வாக்கைக் காப்பாற்றினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

பூபாலன் ஜீப்பில் வந்தார். தனசேகரன் சார் முன் சீட்டில் உட்கார்ந்து வழி காட்டினார். நடுப்பட்டோடு ரோடு முடிந்தது, ஜீப்பும் நின்றது. நடுப்பட்டில் வார்டு உறுப்பினர் குணசீலன், சுற்றுலா வருகிறவர்களுக்காக ரோட்டோரம் ஒரு காட்டேஜ் கட்டி வைத்திருந்தார். அங்கே நாட்டுக்கோழி தயாராக இருந்தது. சாப்பிட்டு முடித்து, ஈச்சங்கொல்லை எந்தப் பக்கம் என்று பூபாலன் கேட்டார். குணசீலன் மலையைக் காட்டினார். பூபாலன் மலையைப் பார்த்தார். பிறகு தன் ஷூவைப் பார்த்தார். சிமெண்டு மூட்டையை யார் சுமப்பது என்றார். கோப்பில் இருக்கிற ஊருக்கு ஜீப் போக வேண்டாமா என்றார். காட்டேஜுக்கும் கோடையில் தண்ணீர் முடைதான் என்று குணசீலன் பணிவோடு சொன்னார். இயக்குநர் அங்கேயே, ஏலக்காய் டீ ஆறுவதற்குள், போனை எடுத்துத் தன் மையத்தின் ஆய்வைத் திருத்தினார்.

அடுத்த வாரம் பாறைமேல் நின்று சரிதா அந்தப் பக்கத்தைத் திறந்தாள். மேலே நீலச் சொட்டு இருந்த இடத்தில் தனசேகரன் சார் படமாகக் கைகட்டி நின்றார். பாஸ்வேர்டு மாறியிருந்தது, இருபதில் பதினேழு அப்படியே இருந்தது. ஊற்று இருந்தது, மாடு இருந்தது, கறுத்த குப்பிகள் இருந்தன. வயிற்றுப்போக்கில் விழுந்த சிறுவன் நடுப்பட்டுச் சிறுவனாகியிருந்தான். செத்த குழந்தையும் நடுப்பட்டில் செத்திருந்தது. ஈச்சங்கொல்லை என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

ஓடிப்போய்க் கேட்டாள். எண்ணில் கை வைத்தேனா என்று அவர் திருப்பிக் கேட்டார். ஊர்ப் பெயர் எண்ணில் சேராது என்றார். நடுப்பட்டில் கட்டினால் உங்கள் ஊர்க்காரர்கள் வந்து பிடித்துக்கொள்ளட்டுமே, யார் தடுத்தது என்றார்.

பார்த்திபன் போனிலிருந்து ரேணுகாதேவி மேடத்தைக் கூப்பிட்டாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். அந்த ஆய்வு முழுக்கத் தன்னுடையது, அது தன் ஊர், சார் மாற்றிவிட்டார் என்று சரிதா மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

“நீ படவேட்டுக்கு வந்த பொண்ணுதானே? காப்பி அடிச்ச பொண்ணு?”

அதற்குப் பிறகு சிக்னல் நன்றாகவே இருந்தது. சரிதாதான் போனை வைத்துவிட்டாள்.

டேங்க் கட்டி முடித்து நீலப் பெயிண்ட் அடித்தார்கள். திறப்பு விழாவில் தனசேகரன் சாருக்குச் சால்வை போட்டார்கள். அறிவியல் மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்று அரைமணி நேரம் பேசினார்.

சித்திரையில் ஊற்று குழியானது. சரிதாவும் அவள் அம்மா ரஞ்சிதமும் இரண்டு சரிவு ஏறி இறங்கிக் குடங்களோடு நடுப்பட்டுக்கு வந்தார்கள். குழாயடியில் வரிசை. டேங்க்கிலிருந்து இன்னொரு குழாய் காட்டேஜ் சுவருக்குள் போய்க்கொண்டிருந்தது. நடுப்பட்டுக் குப்பம்மாள் இவர்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இன்னாடி ரஞ்சிதம், அவ்ளோ தொலவுலேர்ந்து? உங்களுக்குத்தான் ஊத்து இருக்குதே.”

“அது கெட்டுப்போச்சிக்கா. மாடு எறங்குது. போன வருசம் புள்ளைங்க...”

“கெட்டது எங்க ஊரு தண்ணிடி. அதுக்குத்தான் டேங்கே குடுத்தாங்க. எங்க ஊருல புள்ள செத்ததுகூட நெட்ல போட்டிருக்குது.”

ரஞ்சிதம் மகளைப் பார்த்தாள். எங்கள் தண்ணீரும் கெட்டதுதான் என்றாள் சரிதா.

குப்பம்மாள் இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். திரையை முந்தானையில் துடைத்து நீட்டினாள்.

“நீ படிக்கற பொண்ணுதானே? உங்க ஊரு தண்ணி கெட்டதுன்னு நெட்ல எங்க போட்டிருக்குது, காட்டு.”

சரிதா போனை வாங்கவில்லை. வரிசையில் பின்னால் நின்ற ஒருத்தி காலாலேயே தன் குடத்தை அவர்களுக்கு முன்னால் நகர்த்தி வைத்தாள்.