ஓஸ்வால்டுக்கு ஒரு லோயர் பெர்த்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. ‘எந்த நாட்டு இரவு ரயிலில் சுகமாகத் தூங்கலாம்?’ என்று ஒரு பயண இணையதளத்துக்குக் கட்டுரை எழுதினேன். ஜப்பானுக்கு ஐந்து நட்சத்திரம், ஆஸ்திரியாவுக்கு நாலு, நமக்கு இரண்டரை. ரயிலில் நான் போன மிகத் தூர தேசம் ஜோலார்பேட்டை.

ஒக்கலிபுரத்தில் என் கீழ்வீட்டுக்காரர் ஓஸ்வால்ட் அங்கிள் அதைப் படித்துவிட்டு மாடியேறி வந்தார். இருபத்திரண்டு வருடமாக ஏசி பெட்டிகளில் போர்வையும் தலையணையும் கொடுக்கிறவர்.

“ஏம்மா வைஷ்ணவி, எல்லாம் எழுதிக்கீற. பெட்ஷீட்ட எத்தன மணிக்கு திருப்பி வாங்குவாங்கன்னு போடலியே?”

நான் பார்த்து எழுதிய எந்த விமர்சனத்திலும் அது இல்லை.

அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. வியன்னாவில் நர்ஸாக இருக்கும் மகள் மரியா, அப்பாவை ரோமுக்குக் கூட்டிப்போக இரவு ரயிலில் டிக்கெட் போட்டுவிட்டாள். இங்கிருந்து வெள்ளிக்கிழமை விமானம். இவர் தயங்குகிறார்.

“ரயில்ல எனக்குத் தூக்கம் வராதும்மா. கண்ண மூடுனா எவனாச்சும் கம்பளி கேப்பான். அங்க போயி சும்னே முழிச்சிகினு உக்காந்தா புள்ள மனசு ஒடிஞ்சிடும். நீதான் கதைலாம் எழுதுறியே, அதுல என்னிய ஒருவாட்டி தூங்க வச்சிப் பாரு. தூங்கிட்டேன்னா போறேன்.”

2

‘ஆஸ்திரியாவின் இரவு ரயிலில் ஏறியதும் முதலில் மூக்கைத் தொடுவது...’

(வேண்டாம். என் மூக்குக்கு ஆஸ்திரியா தெரியாது.)

ஒத்திகைக்குக் கதையில் அவரை ஜப்பான் ரயிலில் படுக்க வைத்தேன். தனி அறை, கதவு, பூட்டு. பத்து நிமிடத்தில் எழுந்து நடைபாதையில் போய் நின்றுகொண்டார். இவ்வளவு நேரமாக ஒருவரும் கூப்பிடவில்லையே, என்ன ஆயிற்றோ என்ற கவலை.

(இப்படியும் ஒரு ஆள் இருப்பாரா என்று உங்களுக்குச் சந்தேகம். எனக்கும்தான். கீழே போய் எட்டிப் பார்த்தேன். போர்வையை நாலாக மடித்துத் தலைமாட்டில் வைத்துவிட்டு, வெறும் மெத்தையில் மத்தியானத் தூக்கம். சந்தேகத்தை வாபஸ் வாங்கினேன்.)

3

அடுத்து ஆஸ்திரியா. கீழ் பெர்த்தில் அவர், மேலே மரியா. தூங்கிவிட்டார்! எழுதிக்கொண்டிருந்த நானே கைதட்டினேன்.

ரோம் வர ஒரு மணி நேரம் இருக்கும்போது எழுந்தார். பெட்டி பெட்டியாகப் போய், தூங்குகிறவர்களின் போர்வையை உருவ ஆரம்பித்தார். “மேடம், லாஸ்ட் ஸ்டேஷன் வருது, பெட்ஷீட் குடுங்க.” ஓர் இத்தாலியக் கிழவி ஒரு முனையை விடாமல் பிடித்துக்கொண்டாள். மரியா முகத்தைப் பொத்திக்கொண்டாள்; சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எழுத...

அதுவரை எழுதியதைக் கீழே போய் அவருக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

“கரெக்டாதான் எழுதிக்கீற. அதான் செய்வேன் நானு,” என்றவர், டிக்கெட்டைக் கேன்சல் செய்யச் சொல்ல மரியாவின் நம்பரைத் தேடினார்.

விளையாட்டு வினையாகிவிட்டது.

“அங்கிள், ஒரு நிமிஷம்! இது ட்ராஃப்ட்தான்!”

4

மாற்று முடிவுகள்:

அ) அந்த ரயிலின் ஊழியர் வந்து, ‘நீங்க படுங்க சார், நான் பாத்துக்கறேன்’ என்கிறார். (எந்த மொழியில்?)

ஆ) ரயில் ஆறு மணி நேரம் தாமதம். (நம் ஊருக்கு ஏன் நட்சத்திரத்தைக் குறைத்தேன் என்று இப்போது வருந்துகிறேன்.) ஆனால் தாமதமான ரயிலும் வந்து சேரும். வந்தால் எழுந்துவிடுவார்.

தப்பு அவருடையதல்ல. ரோமை வர வைத்தவள் நான்தான்.

ஆகவே அந்த ஸ்டேஷனைக் கதையிலிருந்தே அடித்துவிட்டேன். கீழே அவர் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். இந்தத் தாளைத்தான் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். இதில் ரயில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கீழ் பெர்த்தில் ஓஸ்வால்ட் அங்கிள் வாயைத் திறந்தபடி தூங்குகிறார். மேல் பெர்த்திலிருந்து மரியா எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இவ்வளவு தூரம் படித்துவிட்டதால் நீங்களும் அதே பெட்டியில்தான் இருக்கிறீர்கள். எங்கே வேண்டுமானாலும் இறங்கிக்கொள்ளுங்கள். போர்வையை மட்டும் நீங்களே மடித்து வைத்துவிடுங்கள். அவரை எழுப்ப வேண்டாம்.